மலக்குடல் புற்றுநோய்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். 2021 ஆகஸ்டில் எனக்கு மலக்குடலில் கட்டி என்று தெரிந்தது. அப்போது வயது 46. கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள், ஏழு மாதம் வயிற்றில் பையோடு இருந்தேன், நடுவில் கீமோவும் ஓடியது. இப்போது பை இல்லை, வேலைக்குப் போகிறேன். தெரிந்தவர் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

எட்டு மாதமாக ரத்தம் வந்தது. மூலம் என்று நினைத்து விட்டுவிட்டோம். எங்கள் தப்புதானே?

நானும் அப்படித்தான் விட்டேன். மூலச்சூடு என்று முடிவுகட்டி, மோரும் துத்திக்கீரையுமாக ஒரு கோடைக்காலமே போனது. காலையில் எழுந்ததும் அவசரம், போனால் கொஞ்சமாகச் சளி மாதிரி, போய் வந்த பிறகும் இன்னும் பாக்கி இருக்கிற உணர்வு. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நம் ஊரில் மூலம் அதிகம், ரத்தம் வந்தால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். வெளி அறிகுறியை வைத்து இரண்டையும் பிரிக்கவும் முடியாது. டாக்டர் விரலை விட்டுப் பார்ப்பதும், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும்தான் பிரித்துச் சொல்லும். மலக்குடல் என்பது கடைசி 15 சென்டிமீட்டர்தான், என் கட்டி டாக்டரின் விரலுக்கே தட்டுப்பட்டது. போன எட்டு மாதத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. பயாப்சி ரிப்போர்ட் எப்போது வரும், அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள், அதில் ஒரு வாரம் மிச்சமானாலும் லாபம்.

டாக்டர் கேன்சர் என்று சொன்னதற்கு அப்புறம் எதுவுமே காதில் விழவில்லை. இது எல்லோருக்கும் உண்டா?

உண்டு. எனக்கு அந்த அறையில் நினைவிருப்பது மேஜையில் இருந்த காலண்டர் மட்டும்தான். ஆடிக் கிருத்திகை அன்று சிவப்பில் இருந்தது. டாக்டர் கால்மணி நேரம் பேசினாராம், என் தம்பி சொல்லித்தான் தெரியும்.

அதனால் தனியாகப் போகாதீர்கள். கூட வருபவர் எழுதிக்கொள்ளட்டும், அல்லது டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போனில் பதிவு செய்யட்டும். முதல் பத்து நாள் தூக்கம் வராது, சோறு இறங்காது. 'அடையாறுக்குப் போகச் சொன்னார்கள்' என்றாலே போதும், எங்கள் ஊரில் அடுத்த வாக்கியத்தை யாரும் கேட்க மாட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் சென்னையில் தொடங்கிய கேன்சர் ஆஸ்பத்திரி அது, அங்கே போய்க் குணமாகித் திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனாலும் பெயரைக் கேட்டதும் முகம் மாறும். அந்தப் பயம் உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். சிகிச்சைத் திட்டம் கையில் வந்து, 'திங்கட்கிழமை காலை இத்தனை மணிக்கு' என்று ஒரு தேதி கிடைத்ததும் எனக்குப் பாதி குறைந்தது.

அப்பாவுக்கு 72 வயது. அவரிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று அண்ணன் சொல்கிறார். சரியா?

சரியில்லை என்பது என் எண்ணம். ரிப்போர்ட்டைத் தனியாக வாங்கிக்கொண்டு, 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்' என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளும் பிள்ளைகளை வார்டில் நிறையப் பார்த்தேன். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கரண்ட் வைக்கும் இடத்துக்கு வெளியே ஆஸ்பத்திரி போர்டே சொல்லிவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் 'உங்களுக்கு எங்கே?' என்று கேட்பார். அப்பாவுக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததை உங்களிடமிருந்து மறைக்க ஆரம்பிப்பார். இரண்டு பக்கமும் நடிப்பு, நடுவில் யாருக்கும் அழக்கூட இடமில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். 'குடலில் கட்டி இருக்கு, கெட்ட கட்டிதான், வைத்தியம் இருக்கு' என்று தொடங்கலாம். 'இன்னும் தெரிஞ்சுக்கணுமா அப்பா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

எத்தனையாவது ஸ்டேஜ் என்று எல்லோரும் கேட்கிறார்களே?

எனக்கு மூன்று, அதாவது பக்கத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தது. நான்காவது என்றாலே முடிந்தது என்று பேசுவார்கள். இந்த நோயில் ஈரலுக்குப் பரவிய கட்டியையும் சிலருக்கு அறுத்து எடுத்துவிட முடிகிறது, உங்கள் டாக்டரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டேஜ் நம்பரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உறவுக்காரர் ஒன்றும் செய்யப்போவதில்லை. நான் 'வைத்தியம் நடக்குது' என்பதோடு நிறுத்தினேன்.

கரண்ட் வைத்தால் ஷாக் அடிக்குமா? எரியுமா?

வைக்கும்போது ஒன்றுமே தெரியாது, அது எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான். எனக்கு 28 நாள், வாரத்துக்கு ஐந்து, கூடவே கீமோ மாத்திரை. சிலருக்கு ஐந்தே நாளில் முடிக்கிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சிறுநீர் எரியும், அடிக்கடி மலம் வரும், உட்காரும் இடம் புண்ணாகும், உடம்பு அசந்து போகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய டப்பில் பத்து நிமிடம் உட்கார்வது பெரிய சுகம். டிஷ்யூ வைத்துத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மாதவிலக்கு நிற்காத வயதுப் பெண்களும், இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களும் கரண்ட் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசியாக வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை.

வயிற்றில் பை வைக்க வேண்டுமாம். அதற்குச் செத்தே போகலாம் போலிருக்கிறது.

என்னிடம் வரும் போன்களில் பாதி இதற்குத்தான். நானும் அதே வார்த்தையைச் சொன்னேன். ஆகையால் உபதேசம் செய்யாமல் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். பார்க்க உதட்டின் உள்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, அதில் வலி நரம்பு கிடையாது. முதல் சில வாரம் வீங்கி இருக்கும், ஆறு எட்டு வாரத்தில் சுருங்கும். அதன்மேல் ஒட்டும் தட்டு ஒன்று, அதில் பை. எனக்கு வைத்தது சிறுகுடலில், வலது பக்கம், தற்காலிகம்: கீழே போட்ட தையல் ஆறும் வரை மலம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க. கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தால் பை நிரந்தரமாகவே இருக்கும், அது பெரும்பாலும் இடது பக்கம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்டோமா நர்ஸ் மார்க்கர் பேனாவால் வயிற்றில் புள்ளி வைப்பார். அன்றைக்கு ஆஸ்பத்திரி கவுனில் போகாதீர்கள். நான் வழக்கமாகக் கட்டுகிற சேலையில் போனேன். நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். பாவாடை நாடா எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு விரல் கீழே புள்ளியைத் தள்ளினார். அந்த இரண்டு விரல் எனக்கு ஏழு மாத நிம்மதி. ஆண்கள் வேட்டி கட்டிக்கொண்டோ பெல்ட் போட்டுக்கொண்டோ போகலாம்.

நாள்தோறும் வேலை என்ன? பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். முழுக்க நிறைய விட்டால் கனத்தில் தட்டு பிய்த்துக்கொள்ளும். தட்டை மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை மாற்றலாம். காலையில் காபிகூடக் குடிக்காமல் மாற்றுங்கள், அப்போதுதான் குடல் சும்மா இருக்கும். ஸ்டோமாவின் அளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக ஓட்டையை வெட்ட வேண்டும், அதற்குமேல் இடைவெளி இருந்தால் மலம் தோலில் பட்டு வெந்துவிடும். நான் அட்டையில் வட்டம் வெட்டி வைத்துக்கொண்டேன், கணக்கு டீச்சருக்கு இதாவது வரவேண்டாமா? முதல் தடவை மாற்ற முக்கால் மணி நேரமானது, கை நடுங்கி இரண்டு தட்டு வீணானது. இரண்டாம் மாதத்தில் பத்து நிமிடம்.

நாற்றம் வராது, கசிந்தால்தான் வரும். சத்தம் வரும். ஒருநாள் பத்தாம் வகுப்பில் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தபோது வயிறு உரக்கப் பேசியது. முதல் பெஞ்ச் சிரித்தது, நானும் சிரித்தேன், தேற்றம் முடிந்தது.

பையோடு கோயிலுக்குப் போகலாமா? பூஜை செய்யலாமா?

என் மாமியார் இதைக் கேட்கத் தயங்கி, பக்கத்து வீட்டம்மா மூலமாகக் கேட்டார். ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் இருப்பதுதான் பைக்குள்ளும் இருக்கிறது. காலி செய்து, குளித்து, சமயபுரத்துக்குப் போனேன். என் மனசுக்கு உறுத்தவில்லை. உறுத்துகிறது என்றால் உங்கள் குருக்களிடமோ இமாமிடமோ பாதிரியாரிடமோ கேளுங்கள். நோயாளிக்குக் கதவை மூடுகிறவர் அரிது.

பை இருக்கும்போது என்ன சாப்பிடலாம்?

சிறுகுடல் பைக்காரர்களுக்கு முதல் இரண்டு மாதம் முக்கியம். நார் அதிகமுள்ளது வாயிலேயே சிக்கிக்கொள்கிற மாதிரி அங்கேயும் சிக்கும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, மக்காச்சோளம், தேங்காய்த் துருவல், காளான், வேர்க்கடலை எல்லாம் அப்போது வேண்டாம். 'வாழைத்தண்டு வயித்துக்கு நல்லதாச்சே' என்று கொண்டுவந்து நிற்பார்கள், அன்பாக மறுத்துவிடுங்கள். பையில் சில மணி நேரமாக ஒன்றுமே வராமல் வயிறு உப்பி, வலித்து, வாந்தி வந்தால் அடைப்பு. உடனே ஆஸ்பத்திரி.

குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், உப்புப் போட்ட கஞ்சி, மோர், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு எனக்கு ஒத்துக்கொண்டன. உப்பு முக்கியம். பைக்காரரின் உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் போகிறது. தாகம் என்று வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். ஒரு நாளில் பையிலிருந்து ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால், சிறுநீர் குறைந்தால், கால் இழுத்துப் பிடித்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். சித்திரை வெயிலில் நான் ஒரு முறை இதைத் தள்ளிப்போட்டு, மயங்கி விழுந்து, இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டேன்.

கீமோவில் மொட்டை ஆகுமா?

குடலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் முடி மெலியும், பெரும்பாலும் மொட்டை ஆகாது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது எனக்கு, அவ்வளவுதான்.

வேறு என்னதான் ஆகும்?

எனக்குக் கொடுத்தது மூன்று வாரச் சுற்று: முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், அப்புறம் 14 நாள் கேப்சைட்டபின் மாத்திரை காலையும் இரவும், பிறகு ஒரு வாரம் ஓய்வு. சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் மாத்திரையைப் போட வேண்டும். வேறு சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 46 மணி நேரம் பம்ப் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போகிற முறை.

ஆக்ஸாலிபிளாட்டினுக்குக் குளிர் ஆகாது. டிரிப் ஏறிய முதல் வாரத்தில் ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும். குளிர்ந்த தண்ணீர் ஒரு மடக்கு குடித்தால் தொண்டை நெரிபடுகிற மாதிரி இருக்கும், மூச்சே நின்றுவிடும் என்று பயந்துவிட்டேன். வெந்நீர் குடித்ததும் சரியானது. மார்கழிக் காலையில் வெறுங்காலோடு மொசைக்கில் நிற்க முடியவில்லை, சாக்ஸ் போட்டுக்கொண்டு சமைத்தேன். வீட்டில் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

சுற்றுகள் கூடக்கூட மரத்துப்போவது தங்கிவிடும். கோலப்பொடியை எடுத்தால் விரலுக்கு நடுவில் பொடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கோடு ஓரிடத்தில் கொட்டியது, ஓரிடத்தில் இல்லவே இல்லை. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். இதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். 'கோர்ஸை முழுசா முடிக்கணும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் மரப்பு நிரந்தரமாகலாம். நிறுத்திய பிறகும் சில மாதம் அது கூடும், அப்புறம் மெல்ல இறங்கும். கை இப்போது சரியாகிவிட்டது. கால் கட்டைவிரல் இன்னும் பாதி தூக்கத்தில் இருக்கிறது.

கேப்சைட்டபின் உள்ளங்கை, உள்ளங்காலைச் சிவக்க வைத்து உரிக்கும். தேங்காய் எண்ணெயோ ஆஸ்பத்திரியில் தரும் கிரீமோ தடவுங்கள், சூடான பாத்திரத்தைப் பிடிக்காதீர்கள். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று: வாந்தி வராமலிருக்கத் தரும் ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றிவிடும்.

முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு, மூலிகைப் பொடி?

என் வீட்டு வாசலில் முள்சீத்தாப் பழமே மூட்டையாகக் கிடந்தது. பழமாக ஒரு துண்டு சாப்பிடுவது வேறு. கஷாயம், பொடி, சத்து மாத்திரை என்று கீமோவோடு சேர்த்துப் போடுவது வேறு. ஃபோலிக் ஆசிட் உள்ள சாதாரணச் சத்து மாத்திரைகூட கேப்சைட்டபினின் பக்கவிளைவைக் கூட்டும். எதைப் போட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனை விட்டுவிட்டு மூலிகையில் குணப்படுத்துகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

விசாரிக்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

மாதுளம்பழமும் ஆர்லிக்ஸும் வரும், கூடவே 'எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்' என்பதும் வரும். என் தம்பி மனைவி வாசலில் நின்று, 'அண்ணி இப்பதான் தூங்கினாங்க' என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் கோயில் கட்டலாம். உண்மையாக உதவ வந்தவர்களுக்கு வேலை கொடுங்கள்: செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வண்டி, பையனுக்கு இரவுச் சாப்பாடு, மருந்துக் கடை.

கணவன் மனைவி உறவு பழையபடி இருக்குமா?

யாரும் கேட்பதில்லை, போனை வைக்கும் முன் தயங்குவார்கள், அப்போது புரிந்துகொள்வேன். மலக்குடலை ஒட்டித்தான் அதற்கான நரம்புகள் ஓடுகின்றன. ஆபரேஷனிலும் கரண்டிலும் அவை பாதிக்கப்படலாம். ஆண்களுக்கு விறைப்பு குறையும், பெண்களுக்கு வறட்சியும் வலியும். மாத்திரை, ஜெல், பயிற்சி என்று வழிகள் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள், அவர் முகம் சுளிக்க மாட்டார். எனக்கு முதலில் வேண்டியிருந்தது பக்கத்தில் படுத்துக்கொள்ள ஒரு ஆள். பையைப் பார்த்துவிடுவாரோ என்று நான்தான் மூன்று மாதம் தரையில் பாய் போட்டுப் படுத்தேன்.

பையை எடுத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்தானே?

இதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை, அதனால் நீட்டிச் சொல்கிறேன். மலத்தைத் தேக்கி வைத்த பாத்திரமே மலக்குடல்தான். அதை எடுத்துவிட்டு மேலே இருக்கும் குடலை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். 2022 ஜூலையில் பையை எடுத்தார்கள். ஆகஸ்டில் ஒரு காலையில் மட்டும் பதினொரு முறை போனேன். போய்விட்டு எழுந்து கதவைத் திறப்பதற்குள் மறுபடி. அடக்கவும் முடியாது. பை இருந்தபோதே நிம்மதி என்று அழுதேன்.

இதற்குப் பெயரே இருக்கிறது, லார்ஸ் என்பார்கள். ஒன்று இரண்டு வருடத்தில் பெரும்பாலும் தணியும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம். எனக்கு உதவியவை: வேளை தவறாத சாப்பாடு, இரவு ஏழு மணிக்கு மேல் ஒன்றும் இல்லை, காரமும் பாலும் குறைவு, டாக்டர் சொன்ன அளவில் மலம் போவதைக் குறைக்கும் லோப்பரமைடு மாத்திரை, இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. பேருந்தில் போகிற நாளில் காலை உணவே கிடையாது. கைப்பையில் மாற்றுத் துணி, பேட், ஒரு பாட்டில் தண்ணீர். குந்தி உட்காரும் கழிப்பறையை வெஸ்டர்னாக மாற்றியதும் நல்லதாயிற்று.

சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போதுதான் அழுகையாக வருகிறது. ஏன்?

சிகிச்சை நடக்கும்போது தினமும் ஒரு வேலை இருந்தது. முடிந்ததும் ஊரே 'எல்லாம் சரியாயிடுச்சு' என்கிறது. உங்களுக்கோ இப்போதுதான் பயப்பட நேரம் கிடைக்கிறது. முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனை, பிறகு ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இடையில் ஸ்கேன், ஒரு வருடத்தில் கொலனோஸ்கோப்பி. ஒவ்வொன்றுக்கும் முந்தின வாரம் எனக்கு இன்றும் தூக்கம் கிடையாது, வீட்டில் யார் மேலாவது எரிந்து விழுவேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, எழவே மனசில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

செலவுக்கு என்ன வழி?

வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டு கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். முதல் நாளே ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேஜையில் எது சேரும், எது சேராது என்று கேளுங்கள், பைக்கும் தட்டுக்கும் சேர்த்தே கேளுங்கள். ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, படிவம் ஆஸ்பத்திரியிலேயே தருவார்கள்.

பிள்ளைகளுக்கு வருமா? பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், சொல்ல வேண்டுமா?

தொற்று நோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையும் இல்லை. சிலருக்கு உண்டு, பயாப்சிக்கு எடுத்த கட்டித் துண்டில் எம்எம்ஆர் என்ற சோதனை செய்தால் பரம்பரையா என்று துப்பு கிடைக்கும். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது நமக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோப்பி தொடங்க வேண்டும். எனக்கு 46. ஆகவே என் மகளுக்கு 36. பெண் பார்க்க வருபவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் வீட்டு விஷயம். மகளிடம் அந்தக் கணக்கைச் சொல்லாமல் விடாதீர்கள்.

டாக்டரிடம் இதையெல்லாம் எந்த வார்த்தையில் சொல்வது? வாயே வரவில்லை.

எனக்கும் வரவில்லை. நம் பேச்சில் அதற்கு 'வெளிக்கு', 'பாத்ரூம்', 'மோஷன்' என்று சுற்றிச் சுற்றித்தான் வார்த்தை. ஆண் டாக்டர் முன்னால் நாற்பது வருட வளர்ப்பு வந்து வாயை அடைக்கும். பையனின் பழைய ரஃப் நோட்டில் கோடு போட்டேன்: தேதி, எத்தனை முறை, தண்ணியா கெட்டியா, ரத்தம், சளி, வாயு, அடக்க முடிந்ததா. கட்டங்களில் டிக் மட்டும். அடுத்த முறை அறைக்குள் போனதும் ஒன்றும் பேசாமல் நோட்டை மேஜைமேல் வைத்தேன். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கம் படித்தார். மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றி எழுதினார். 'கணக்கு டீச்சரா?' என்று கேட்டார்.